யாருக்கு லீவு? பெங்களூர்த் தமிழருக்கு விடுமுறைச் சட்டமும் பண்டிகைக் கணக்கும்

பெங்களூருக்கு வேலைக்கு வரும் தமிழருக்கு முதல் பொங்கலிலேயே ஒரு அதிர்ச்சி காத்திருக்கும். ஊரில் பொங்கல், மாட்டுப் பொங்கல், உழவர் திருநாள் என்று வரிசையாக லீவு. இங்கே மகர சங்கராந்தி என்று ஒரே ஒரு நாள். மறுநாள் காலை வழக்கம்போல மீட்டிங். வீட்டில் மாட்டியிருக்கும் சிவகாசி காலண்டர் மூன்று நாளையும் சிவப்பில் காட்டும், ஹெச்.ஆர். அனுப்பிய பட்டியலில் ஒன்றுதான் இருக்கும். சரி, பட்டியலில் உள்ள நாளாவது எல்லாருக்கும் லீவா என்றால் அதுவும் இல்லை. பேங்க் மூடியிருக்கும் அன்று கம்பெனி திறந்திருக்கும். தாலுகா ஆபீஸ் பூட்டியிருக்கும் அன்று மளிகைக் கடைப் பையன் பொட்டலம் கட்டிக்கொண்டிருப்பான்.

எல்லாருக்கும் பொதுவான விடுமுறைப் பட்டியல் என்று சட்டத்தில் ஒன்று கிடையாது. அதனால்தான் இவ்வளவு குழப்பம். இருப்பவை மூன்று பட்டியல்கள்: அரசு ஊழியருக்கு ஒன்று, வங்கிக்கு ஒன்று, தனியார் இடத்தில் வேலை செய்பவருக்கு ஒன்று. மூன்றும் வேறு வேறு சட்டங்களில் இருந்து வந்தவை. அந்த மூன்றாவது பட்டியலில் பாதி நாட்கள் முதலாளியும் ஊழியரும் பேசி முடிவு செய்ய வேண்டியவை என்பது இங்கே பலருக்குத் தெரியாது. இதை எழுத உட்கார்ந்ததே முக்கியமாக அதைச் சொல்லத்தான்.

அரசுப் பட்டியல்

ஒவ்வோர் ஆண்டும் முடியும் தறுவாயில் கர்நாடக அரசு அடுத்த ஆண்டின் பொது விடுமுறைகளை அறிவிக்கும். செய்தித்தாளில் வருவது, வாட்ஸ்அப்பில் சுற்றுவது, காலண்டரில் சிவப்பாக அச்சாவது எல்லாம் இதுதான். ஆனால் இது அரசு அலுவலகங்களுக்கான நிர்வாக உத்தரவு. தனியார் முதலாளியை இது கட்டுப்படுத்தாது. "கவர்ன்மென்ட் ஹாலிடே அன்னைக்குக்கூட எங்க கம்பெனியில வேலை வாங்குறாங்க, இது சட்டவிரோதம்" என்று கொதிப்பவர்கள் பெரும்பாலும் இந்தப் பட்டியலைப் பார்த்துத்தான் கொதிக்கிறார்கள்.

பட்டியலைக் கொஞ்சம் நிதானமாகப் படித்தால் மாநிலத்தின் முகம் தெரியும். யுகாதி, பசவ ஜெயந்தி, வால்மீகி ஜெயந்தி, கனகதாசர் ஜெயந்தி. மகாளய அமாவாசைக்கும் இங்கே லீவு. தமிழ்நாட்டில் அன்று ராமேஸ்வரத்தில் தர்ப்பணக் கூட்டம் நெரியும், ஆனால் ஆபீஸுக்குப் போகத்தான் வேண்டும். ஏப்ரல் 14 இன்னும் வேடிக்கை. நமக்கு அது தமிழ்ப் புத்தாண்டு. கர்நாடகத்தில் அன்றைக்கு விடுமுறை உண்டு, ஆனால் அது 1891இல் அதே தேதியில் பிறந்த அம்பேத்கருக்காக. அந்தப் புண்ணியத்தில் அல்சூரிலும் ஸ்ரீராமபுரத்திலும் மாங்காய்ப் பச்சடியை அவசரமில்லாமல் சாப்பிட முடிகிறது. திருவள்ளுவர் தினத்துக்கு அந்த யோகம் இல்லை. அல்சூர் ஏரி அருகே 1991 முதல் 18 ஆண்டுகள் மூடியே கிடந்த வள்ளுவர் சிலையை 2009 ஆகஸ்ட் 9 அன்று திறந்தார்கள். லீவுப் பட்டியலில் அவருக்கு இன்னும் இடம் கிடைக்கவில்லை.

ஒரு சின்ன விஷயம். ஞாயிற்றுக்கிழமையிலோ இரண்டாம், நான்காம் சனியிலோ விழும் பண்டிகையை இந்தப் பட்டியலில் சேர்ப்பதில்லை. அதற்குப் பதிலாக வேறு நாள் தருவதும் இல்லை. 'இந்த வருஷம் லீவைக் குறைச்சிட்டாங்க' என்று எழும் கூக்குரலில் பாதி, நாள்காட்டி செய்த வேலை.

மத்திய அரசு ஊழியர் கதை வேறு. டெல்லிக்கு வெளியே உள்ள மத்திய அலுவலகங்களுக்கு 14 நாட்கள் கட்டாயம். அதற்கு மேல் 12 பண்டிகைகள் கொண்ட ஒரு பட்டியலில் இருந்து மூன்றை அந்தந்த ஊரின் ஊழியர் ஒருங்கிணைப்புக் குழு தேர்ந்தெடுக்கும். பொங்கல், ஓணம், விநாயகர் சதுர்த்தி எல்லாம் அந்த 12க்குள்தான் வருகின்றன. ஆகவே மாநில அரசின் விதான சௌதாவில் வேலை செய்யும் கணவருக்கும் எதிரே மத்திய அரசின் தலைமைத் தபால் நிலையமான ஜி.பி.ஓ.வில் வேலை செய்யும் மனைவிக்கும் லீவு ஒத்துப்போகவில்லை என்றால் யாரும் ஏமாற்றவில்லை.

விடுமுறை என் உரிமை என்று நீதிமன்றத்துக்குப் போனவர்களும் உண்டு. தாத்ரா நகர் ஹவேலியில் ஆகஸ்ட் 2ஐ மறுபடி பொது விடுமுறை ஆக்க வேண்டும் என்று வந்த வழக்கில், பொது விடுமுறை கேட்பது யாருக்கும் அடிப்படை உரிமை ஆகாது என்று 2022 ஜனவரியில் மும்பை உயர் நீதிமன்றம் சொன்னது. எந்த நாளை அறிவிப்பது என்பது அரசின் கொள்கை முடிவு. அதில் நாம் கோரிக்கை வைக்கலாம், கட்டாயப்படுத்த முடியாது.

வங்கிப் பட்டியல்

பேங்க் லீவின் வேர் 1881ஆம் ஆண்டின் செலாவணி முறிச் சட்டத்தில் இருக்கிறது. செக், புரோநோட், உண்டியல் (வியாபாரிகள் பணம் தரச் சொல்லி எழுதும் சீட்டு) பற்றிய சட்டம். அதன் 25ஆம் பிரிவு, பணம் தர வேண்டிய கெடு பொது விடுமுறையில் விழுந்தால் என்ன செய்வது என்று சொல்கிறது. கூடவே, எந்த நாட்கள் அப்படிப்பட்ட பொது விடுமுறை என்று அரசு அறிவிக்கலாம் என்றும் சொல்கிறது. சட்டம் மத்திய அரசுடையது. ஆனால் அறிவிக்கும் அதிகாரத்தை 1957இல் மாநிலங்களிடம் ஒப்படைத்துவிட்டார்கள். மாநிலத்துக்கு மாநிலம் வங்கி விடுமுறை மாறுவது அதனால்தான். நவம்பர் 1 அன்று அத்திப்பள்ளியில் பேங்க் மூடியிருக்கும்; எல்லையைத் தாண்டி ஓசூரில் திறந்திருக்கும். மாட்டுப் பொங்கல் அன்று தலைகீழ்.

இரண்டாம், நான்காம் சனிக்கிழமை விடுமுறை 2015 செப்டம்பர் 1 முதல் வந்தது. நாடு முழுக்க ஒன்றுதான்.

பணம் அனுப்புவதற்கு இதெல்லாம் இப்போது பெரிய தடையில்லை. நெஃப்ட் 2019 டிசம்பரிலும் ஆர்.டி.ஜி.எஸ். 2020 டிசம்பரிலும் இருபத்துநாலு மணி நேரமும் இயங்கத் தொடங்கிவிட்டன. 2021 ஆகஸ்ட் முதல் இ.எம்.ஐ. பிடித்தமும் லீவு நாளிலேயே நடக்கிறது. ஆயுத பூஜை லீவுதானே, திங்கட்கிழமை பணம் போட்டுக்கொள்ளலாம் என்று இருந்தால் கணக்கில் பணம் இல்லை என்று அபராதம் விழும். வாடகையும் அப்படியே. 'ஐந்தாம் தேதிக்குள்' என்று ஒப்பந்தத்தில் இருந்தால், "அன்னைக்கு லீவு" என்பதை வீட்டு ஓனர் ஒரு காரணமாக ஏற்க மாட்டார்.

கெடு விஷயத்தில் ஒரு வித்தியாசத்தைத் தெரிந்து வைத்துக்கொள்வது நல்லது. புரோநோட்டின் கெடு விடுமுறையில் விழுந்தால், 25ஆம் பிரிவுப்படி அதற்கு முந்தைய வேலை நாளே கடைசி நாள். நாள் முன்னால் போகிறது. ஆனால் அரசு அலுவலகத்திலோ நீதிமன்றத்திலோ ஒரு மனு தாக்கல் செய்யக் கடைசி நாள் விடுமுறையில் விழுந்தால், 1897ஆம் ஆண்டின் பொதுக் கூறுகள் சட்டம் 10ஆம் பிரிவும் 1963ஆம் ஆண்டின் காலவரையறைச் சட்டம் 4ஆம் பிரிவும் திறக்கும் நாள் வரை நேரம் தருகின்றன. நாள் பின்னால் போகிறது. கடன் வாங்கியவன் லீவைச் சொல்லி இழுத்தடிக்கக் கூடாது, நியாயம் கேட்டு வந்தவன் பூட்டிய கதவால் நஷ்டப்படக் கூடாது. பழைய சட்டங்களில் இப்படிச் சில இடங்களில் நல்ல மனுஷத்தனம் தெரியும்.

தனியாரில் வேலை செய்பவருக்கு

இதுதான் முக்கியம். 1963இல் மாநிலத்தின் பெயர் இன்னும் மைசூர் என்று இருந்தபோது தொழில் நிறுவனங்கள் தேசிய, பண்டிகை விடுமுறைகள் சட்டம் என்று ஒன்றைக் கொண்டுவந்தார்கள். இப்போது கர்நாடகச் சட்டம் என்ற பெயரில் நடைமுறையில் இருக்கிறது. 'தொழில் நிறுவனம்' என்றதும் புகைபோக்கி வைத்த தொழிற்சாலையை நினைக்க வேண்டாம். கடைகள், வணிக நிறுவனங்கள் சட்டத்துக்குள் வரும் கடை, ஆபீஸ், ஓட்டல் எல்லாம் இதற்குள் அடக்கம். ஐடி கம்பெனிக்கும் உண்டு. கர்நாடகத்தில் ஐடி துறைக்கு விலக்கு இருக்கிறதே என்று சிலர் கேட்பார்கள். அந்த விலக்கு நிலையாணைகள், அதாவது நிறுவனத்தின் வேலை விதிகள், பற்றிய வேறொரு சட்டத்தில் இருந்து. லீவுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

இந்தச் சட்டப்படி ஆண்டுக்குச் சம்பளத்துடன் பத்து நாள் விடுமுறை. ஜனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 ஆகிய ஐந்தும் அசைக்க முடியாதவை. மீதி ஐந்தும் பண்டிகைகள். எந்த ஐந்து என்பதை நிர்வாகமும் ஊழியர்களும் பேசி முடிவு செய்து, பட்டியலை லேபர் இன்ஸ்பெக்டருக்கு அனுப்ப வேண்டும்.

நடப்பது என்ன? டிசம்பரில் ஹெச்.ஆர். ஒரு மெயில் அனுப்புவார். கீழே அழகான அட்டவணை. நாம் அதில் எத்தனை லாங் வீக்கெண்ட் வருகிறது என்று எண்ணிவிட்டு மூடிவிடுவோம். பேசி முடிவு செய்யும் உரிமை நமக்கு இருந்தது என்பதே நினைவுக்கு வராது. இருபது பேர் வேலை செய்யும் இடத்தில் பன்னிரண்டு பேர் தமிழர் என்றால், அக்டோபர், நவம்பர் வாக்கில் பத்துப் பேர் சேர்ந்து ஒரு மெயில் போடலாம்: 'அடுத்த ஆண்டுப் பண்டிகை விடுமுறை ஐந்தையும் முடிவு செய்யும் முன் எங்கள் கருத்தையும் கேளுங்கள்.' மிரட்டல் தொனி எதுவும் தேவையில்லை. தீபாவளியில் எந்த நாள் என்பது போன்ற கேள்விகளுக்கு இது ரொம்பவே உதவும். அது ஏன் என்று கீழே சொல்கிறேன். பத்து என்பது குறைந்தபட்சம்தான். மாட்டுப் பொங்கலைப் பதினொன்றாவது நாளாகக் கொடுக்க ஒரு கம்பெனி முன்வந்தால் எந்தச் சட்டமும் தடுக்காது. விருப்ப விடுமுறை என்று இரண்டு மூன்று நாளை ஊழியர் கையிலேயே விட்டுவிடும் நிறுவனங்கள் இங்கே நிறைய. பல மொழிக்காரர் சேர்ந்து வேலை செய்யும் ஊருக்கு அதுதான் சரியான வழி என்பது என் கட்சி.

அந்தப் பத்து நாளில் ஒன்றில் வேலைக்கு வரச் சொன்னால்? சொல்லலாம். ஓட்டல் மூட முடியாது, சர்வர் அறையை அணைக்க முடியாது. ஆனால் அன்று வேலை செய்தவருக்கு இரட்டைச் சம்பளம் தர வேண்டும். அல்லது அன்றைய சம்பளத்தோடு வேறொரு நாள் சம்பளத்துடன் மாற்று விடுமுறை தர வேண்டும். சம்பளச் சீட்டில் இரண்டில் ஒன்று தெரிய வேண்டும். 'நெக்ஸ்ட் வீக் பாத்துக்கலாம்' என்று வாயால் சொன்னது கணக்கில் வராது. சாட்டிலாவது எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

இந்தப் பத்தும் வாராந்திர ஓய்வையும் ஈட்டிய விடுப்பையும் தின்னக் கூடாது. 1961ஆம் ஆண்டின் கடைகள் சட்டம் தனி: ஒரு நாளைக்கு 9 மணி நேரம், வாரத்துக்கு 48 மணி நேரம், வாரம் ஒரு முழு நாள் ஓய்வு, வேலை செய்த 20 நாளுக்கு ஒரு நாள் என்ற கணக்கில் சம்பளத்துடன் விடுப்பு. அதற்கு மேல் வேலை வாங்கினால் ஓவர்டைம் இரட்டை வீதம். 2021 முதல் பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் கடைகள் வருடம் முழுக்க, நாள் முழுக்கத் திறந்திருக்கலாம் என்று அரசு அனுமதித்தது. திறந்திருப்பது கடைதான், ஊழியரின் வார ஓய்வு அப்படியே நிற்கிறது. தீபாவளிக்கு முந்தைய பத்து நாள் சிக்பேட்டை ஜவுளிக் கடைகளில் நிற்கும் விழுப்புரம், திருவண்ணாமலைப் பிள்ளைகளிடம் யாராவது இதைச் சொல்ல வேண்டும்.

எந்த மாநிலச் சட்டம் என்பதை வீடு இருக்கும் இடம் முடிவு செய்யாது. வேலை செய்யும் இடம்தான் முடிவு செய்யும். ஓசூரில் ஒரே வீட்டில் இருக்கும் அண்ணன் தம்பியை எடுத்துக்கொள்வோம். அண்ணனுக்கு ஓசூர் சிப்காட்டில் வேலை, தம்பிக்கு எலக்ட்ரானிக் சிட்டியில். அண்ணனுக்குப் பொருந்துவது 1958ஆம் ஆண்டின் தமிழ்நாட்டுச் சட்டம்: நான்கு தேசிய நாட்கள், ஐந்து பண்டிகைகள், மொத்தம் ஒன்பது. தம்பிக்குப் பத்து. நவம்பர் 1 காலையில் அண்ணன் டிபன் டப்பாவை எடுத்துக்கொண்டு கிளம்பும்போது தம்பி போர்வையை இழுத்து மூடிக்கொள்ளலாம். மகாராஷ்டிரத்தில் இது எட்டு நாள். டெல்லிக் கடைகள் சட்டத்தில் மூன்று தேசிய விடுமுறைகள்தான். அந்த வகையில் பெங்களூர்த் தனியார் ஊழியர் கொடுத்து வைத்தவர்.

அந்த நவம்பர் 1க்குப் பின்னால் ஒரு கதை உண்டு. 1956இல் அதே தேதியில் மொழிவாரி மாநிலங்கள் பிறந்தன. சிதறிக் கிடந்த கன்னடப் பகுதிகள் மைசூரோடு சேர்ந்தன. 1973 நவம்பர் 1 அன்று, தேவராஜ் அர்ஸ் முதல்வராக இருந்தபோது, மாநிலத்துக்குக் கர்நாடகம் என்று பெயர் வைத்தார்கள். மஞ்சள் சிவப்புக் கொடி கட்டாத ஆட்டோவை அன்று பார்க்க முடியாது. மே 1ஐ இந்தியாவில் முதலில் கொண்டாடியவர் நம்ம சிங்காரவேலர், 1923இல் சென்னைக் கடற்கரையில். அது இன்று கர்நாடகச் சட்டத்தில் அசைக்க முடியாத ஐந்தில் ஒன்று.

யாருக்கெல்லாம் இது இல்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். வீட்டு வேலை செய்பவர்களுக்கு இந்தச் சட்டம் பொருந்தாது. வீடு 'நிறுவனம்' இல்லை. மர்ஃபி டவுனில் இருந்தும் விவேக் நகரில் இருந்தும் காலையில் நாலு வீட்டுக்குப் பாத்திரம் தேய்க்கப் போகும் அக்காமார்களுக்குச் சட்டப்படி ஒரு பண்டிகை லீவுகூடக் கிடையாது. எல்லாம் வீட்டுக்காரம்மாவின் மனசு. டெலிவரி வேலை செய்பவர்களுக்கு 2025இல் கர்நாடகம் ஒரு சட்டம் கொண்டுவந்தது. அதன் கவனம் நல நிதியும் சமூகப் பாதுகாப்பும்தான், பத்து நாள் சம்பள விடுமுறை அதில் இல்லை. எட்டு மணி மீட்டிங்குக்கு இட்லி கொண்டுவந்து தருபவருக்குப் பொங்கலும் ஒரு வேலை நாள்தான். எனக்கு இது சரியாகப் படவில்லை.

தேதி ஏன் ஓடிக்கொண்டே இருக்கிறது

சட்டம் நாளின் பெயரைச் சொல்லிவிடும். தேதியை வானம்தான் சொல்ல வேண்டும்.

நம் பண்டிகைகளில் ஒரு வகை சூரியனைப் பின்பற்றும். பொங்கல், சித்திரை முதல் நாள், ஆடிப் பெருக்கு இந்த வகை. அதனால்தான் அவை ஆங்கிலத் தேதியில் ஏறக்குறைய அசையாமல் நிற்கின்றன. சூரியன் மகர ராசிக்குள் நுழையும் தருணம்தான் சங்கராந்தி. அது ஒவ்வோர் ஆண்டும் சுமார் ஆறு மணி நேரம் தள்ளிப் போகும். லீப் வருஷம் வந்து இழுத்துப் பிடிக்கும். தமிழ் வழக்கில் அந்த நுழைவு சூரியன் மறைவதற்குள் நடந்தால் அன்றே தை ஒன்று, மறைந்த பிறகு நடந்தால் மறுநாள். பொங்கல் சில வருஷம் 14, சில வருஷம் 15 என்று ஊசலாடுவது இதனால்தான்.

இன்னொரு மெதுவான நகர்வும் இருக்கிறது. நட்சத்திரங்களை வைத்துக் கணக்கிடும் நம் ஆண்டு, பருவங்களை வைத்துக் கணக்கிடும் ஆண்டைவிட இருபது நிமிடம் நீளம். எழுபது ஆண்டு போனால் ஒரு நாள். விவேகானந்தர் மகர சங்கராந்தி அன்று பிறந்தார். அன்றைய ஆங்கிலத் தேதி 1863 ஜனவரி 12. இப்போது 14, 15. சூரியன் உண்மையில் வடக்கே திரும்புவது டிசம்பர் 21 அல்லது 22இல். உத்தராயணம் என்று நாம் பொங்கல் வைப்பது அதற்கு மூன்று வாரத்துக்கும் மேல் கழித்து. பானை பொங்குவதில் இதனால் குறை ஒன்றும் வரவில்லை. அதே நாளில் பக்கத்து வீட்டுக் கன்னடக்காரர் எள், வெல்லம், கொப்பரைத் துண்டு, வறுத்த கடலை, பொட்டுக் கடலை கலந்த எள்ளு பெல்லத்தோடு ஒரு சர்க்கரை அச்சையும் கரும்புத் துண்டையும் தட்டில் வைத்துக்கொண்டு வருவார். தட்டைக் காலியாகத் திருப்பித் தரக் கூடாது. சர்க்கரைப் பொங்கல் கொஞ்சம் வைத்துக் கொடுங்கள்.

இரண்டாவது வகை சந்திரனைப் பின்பற்றும், ஆனால் சூரியனை விட்டு விலகாது. யுகாதி, விநாயகர் சதுர்த்தி, ஆயுத பூஜை, தீபாவளி எல்லாம் இதில். பன்னிரண்டு சந்திர மாதம் சேர்ந்தால் 354 நாள்தான் வரும். ஆண்டுக்குப் பதினோரு நாள் குறை. மூன்று ஆண்டுக்கு ஒருமுறை சற்று முன்பின்னாக ஒரு அதிக மாதத்தைச் செருகிச் சரிக்கட்டுவார்கள். தீபாவளி 2024இல் அக்டோபர் 31, 2025இல் அக்டோபர் 20, 2026இல் நவம்பர் 8. ஒரு வருஷம் பதினோரு நாள் பின்வாங்கிவிட்டு அடுத்ததில் ஒரே தாவாகத் தாவுகிறதே, அந்தத் தாவலுக்குக் காரணம் 2026இல் வரும் அதிக மாதம்.

ரம்ஜானும் பக்ரீத்தும் சந்திரனை மட்டுமே பின்பற்றுகின்றன, செருகல் கிடையாது. அதனால் ஆண்டுதோறும் பதினோரு நாள் முன்னால் வந்து, முப்பத்துமூன்று ஆண்டில் எல்லாப் பருவத்தையும் சுற்றிவிடுகின்றன. பிறை தெரிந்த பிறகே உறுதி என்பதால் அரசுப் பட்டியலில் போட்ட தேதி கடைசி நேரத்தில் மாறுவதும் உண்டு. சிவாஜிநகரில் கடை வைத்திருப்பவர்களுக்கு இது பழகிய விஷயம். ஐடி கம்பெனிகள்தான் ஒவ்வொரு முறையும் புதிதாக முழிக்கும்.

இப்போது தீபாவளிக்கு வருவோம். நமக்குத் தீபாவளி என்றால் நரக சதுர்த்தசி விடியற்காலை எண்ணெய்க் குளியல். அன்று மாலையோ மறுநாளோ வரும் அமாவாசையில் லட்சுமி பூஜை செய்வது வடக்கத்தி வழக்கம். கன்னடக்காரர்களுக்கு நரக சதுர்த்தசியும் முக்கியம், அமாவாசைக்கு மறுநாள் மகாபலியை நினைக்கும் பலி பாட்யமியும் முக்கியம். கர்நாடக அரசு இந்த இரண்டு நாளுக்கும் லீவு விடும், நடுவில் உள்ள அமாவாசைக்கு விடாது. தலைமையகம் டெல்லியிலோ குர்கானிலோ இருக்கும் கம்பெனியில் வேலை செய்தால் பட்டியலில் 'தீபாவளி' என்று ஒரே நாள் இருக்கும். அது அவர்கள் ஊர் லட்சுமி பூஜை நாள். சில வருஷம் நமக்கும் அதே நாள், சில வருஷம் நாம் தலைக்கு எண்ணெய் வைத்துக்கொண்டு லாகின் செய்ய வேண்டியிருக்கும். ஐந்து பண்டிகை நாளைப் பேசி முடிவு செய்யும்போது வாயைத் திறக்க வேண்டும் என்று மேலே சொன்னது இதற்காகத்தான்.

பஞ்சாங்கங்கள் ஒன்றோடொன்று முட்டிக்கொள்வது அரசுக்கும் தலைவலியாக இருந்தது. சுதந்திரத்துக்குப் பின் நாட்டில் முப்பது வகை நாள்காட்டிகள் புழக்கத்தில் இருந்தன. 1952இல் விஞ்ஞானி மேகநாத் சாகா தலைமையில் ஒரு சீர்திருத்தக் குழு அமைத்தார்கள். அதன் விளைவாக 1957 மார்ச் 22 முதல் சக ஆண்டு தேசிய நாள்காட்டி ஆனது. அரசிதழில் அது இன்னும் இருக்கிறது. யார் வீட்டுச் சுவரிலும் நான் பார்த்ததில்லை.

கொண்டாடும்போது குறுக்கே வரும் சட்டங்கள்

பட்டாசு விஷயத்தில் பெங்களூர்த் தமிழருக்கு ஒரு தனிச் சங்கடம். 2018 அக்டோபர் 23 அன்று உச்ச நீதிமன்றம் தீபாவளிக்கு இரவு 8 முதல் 10 மணி வரை மட்டும், அதுவும் பசுமைப் பட்டாசு என்று சொன்னது. எங்களுக்குத் தீபாவளியே காலையில்தான் என்று தமிழ்நாடு முறையிட்டது. இரண்டு மணி நேரத்துக்கு மிகாமல் நேரத்தை மாற்றிக்கொள்ளலாம் என்று ஒரே வாரத்தில் அனுமதி கிடைத்தது. தமிழ்நாடு காலை 6 முதல் 7, மாலை 7 முதல் 8 என்று பிரித்துக்கொண்டது. அந்தச் சலுகை கர்நாடகத்துக்குள் வராது. இங்கே விதி இரவு 8 முதல் 10. காக்ஸ் டவுனில் விடியற்காலை ஐந்து மணிக்கு ஒரு சரத்தைக் கொளுத்தினால் பக்கத்து அபார்ட்மென்ட்காரர் போன் செய்யும் உரிமை அவருக்கு இருக்கிறது. பிள்ளைகளுக்குக் காலையில் கம்பி மத்தாப்பு போதும், வெடியை ராத்திரிக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

ஆடி மாதக் கூழ் வார்ப்புக்கும் இதே கதைதான். 2000ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகளின்படி இரவு 10 முதல் காலை 6 வரை ஒலிபெருக்கி கூடாது. ஆண்டுக்கு அதிகபட்சம் 15 நாளுக்கு மட்டும், பண்டிகை என்ற காரணத்தில், நள்ளிரவு வரை மாநில அரசு தளர்த்தலாம். அம்மன் கோவில் திருவிழா அந்தப் பதினைந்துக்குள் வருகிறதா என்று பார்த்துவிட்டு போலீஸ் ஸ்டேஷனில் எழுதிக் கொடுத்து அனுமதி வாங்குவது நல்லது. காந்தி ஜெயந்திக்கு மதுக்கடை திறக்காது. கறிக்கடைக்கும் மாநகராட்சி தடை போடுவது வழக்கம். ஞாயிற்றுக்கிழமையோடு சேர்ந்து வந்தால் பிரியாணி ஆசையைச் சனிக்கிழமையே தீர்த்துக்கொள்ள வேண்டும்.

லீவு பற்றிப் புகார் செய்ய வேண்டியிருந்தால், முதலில் எழுத்தில் ஹெச்.ஆரிடம். பதில் வராவிட்டால் உங்கள் வட்டத்து லேபர் இன்ஸ்பெக்டர். தொழிலாளர் துறையின் தலைமையகம் பன்னேர்கட்டா சாலையில் உள்ள கார்மிக பவன். சம்பளச் சீட்டு, அந்த ஆண்டு விடுமுறைப் பட்டியல், அன்று வேலை செய்ததற்கான வருகைப் பதிவு, மூன்றும் கையில் இருந்தால் போதும்.

இந்த மூன்று பட்டியலுக்குள்ளும் வராத ஒரு லீவு உண்டு: ஓட்டு நாள். மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 135பி பிரிவு, ஓட்டுரிமை உள்ள ஊழியருக்கு வாக்குப்பதிவு அன்று சம்பளத்துடன் விடுமுறை தரச் சொல்கிறது, தினக்கூலிக்கும் உண்டு. தர மறுக்கும் முதலாளிக்கு அபராதம் 500 ரூபாய் வரை, இந்தக் காலத்தில் அது ஒரு பீட்சா விலை. ஓட்டு தர்மபுரியிலும் வேலை பெங்களூரிலும் இருப்பவர்களுக்கும் இது பொருந்தும். தொகுதிக்கு வெளியே வேலை செய்தாலும் அங்கே வாக்காளராக இருந்தால் விடுமுறை உண்டு என்று தேர்தல் ஆணையமே தெளிவாகச் சொல்லியிருக்கிறது. 'பெங்களூரில் இன்னைக்கு எலெக்‌ஷன் இல்லையே' என்று மேனேஜர் சொன்னால், ஆணையத்தின் அந்த அறிவிப்பையும் உங்கள் வாக்காளர் அட்டையின் நகலையும் மெயிலில் இணைத்து அனுப்பிவிட்டு, சில்க் போர்டில் பஸ் ஏறுங்கள். கூட்டம் அதிகம் இருக்கும், முதல் நாள் ராத்திரியே கிளம்புவது உத்தமம்.